பாட்டி படித்த ஒரு நாள்: நூறாண்டுக்கு முந்தைய மாணவியைத் தேடத் தொடங்குபவர்களுக்கு

சிங்கப்பூர்த் தமிழ் வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு பேச்சு உண்டு: "அந்தக் காலத்துலேயே பாட்டி காலேஜ் படிச்சவங்க." எந்தக் காலேஜ், எந்த ஊர், யார் அனுப்பி வைத்தார்கள், எங்கே தங்கினார் என்று அடுத்த கேள்வி கேட்டால் வீடே அமைதியாகிவிடும். பெருமை மிஞ்சியிருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

என் அம்மாச்சியின் அக்கா கதையும் அப்படித்தான் கிடந்தது. பெரியம்மாச்சி என்று கூப்பிடுவோம். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். நான்கு ஆண்டுகள், கிடைத்த விடுமுறையில் எல்லாம் தேடி, 1920களில் அவர் வாழ்ந்த ஒரு சாதாரண நாளை ஓரளவு எழுத முடிந்தது. பட்டம், பரிசு என்று தேடியபோது இரண்டு வரி கிடைத்தது. எப்போது எழுந்தார், யார் தலை பின்னிவிட்டது, யாருக்குக் கடிதம் எழுதினார் என்று தேடத் தொடங்கிய பிறகுதான் பக்கங்கள் நிறைந்தன. ஆகவே நீங்களும் ஒரே ஒரு நாளைக் குறிவையுங்கள். 1900 முதல் 1930 வரை படித்த பெண்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: ‘காலேஜ்’ எது என்று கண்டுபிடியுங்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் வழி தவறுகிறார்கள். நானும் ஏழெட்டு மாதங்களை இதில் தொலைத்தேன். வீட்டில் சொல்லும் ‘காலேஜ்’ என்ற சொல்லுக்குக் குறைந்தது மூன்று பொருள் இருக்கலாம்.

குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததா? அப்படியென்றால் அது பள்ளிக்கூடமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அங்கே பெரிய பள்ளிகளுக்கே கல்லூரி என்று பெயர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் இந்துப் பெண்களுக்காகத் தொடங்கிய இராமநாதன் கல்லூரி அப்படிப்பட்டது. உடுவில் மகளிர் பள்ளி இன்னும் பழையது; அமெரிக்க மிஷனரிகள் 1824இல் தொடங்கிய விடுதிப் பள்ளி. மலாயாவில் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணி (எழுத்தர்) வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்து அப்பாமார்களில் பலர், மகள்களை ஊரில் விட்டுப் படிக்க வைத்தார்கள். உங்கள் பாட்டி பாஸ்போர்ட்டில் மலாயாவில் பிறந்தவராக இருந்து, பேச்சில் யாழ்ப்பாணம் மணந்தால், முதலில் இந்தப் பக்கம் தேடுங்கள்.

தமிழ்நாட்டுக் குடும்பமா? அப்போது உண்மையான கல்லூரியாகவே இருக்கலாம். பாளையங்கோட்டையில் சாராள் டக்கர் கல்லூரி 1895 முதல் இருக்கிறது. சென்னையில் மெரினா கடற்கரையை ஒட்டி 1914 ஜூலையில் பெண்களுக்கான அரசுக் கல்லூரி ஒன்று தொடங்கியது. 1917இல் அதற்கு இராணி மேரி கல்லூரி என்று பெயர் மாற்றினார்கள். முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. அடுத்த ஆண்டே, 1915இல், எலினார் மெக்டூகல் தலைமையில் மகளிர் கிறித்துவக் கல்லூரி 41 மாணவிகளோடு ஆரம்பமானது. இந்த இரண்டுக்கும் முன்னால் சென்னை மாகாணத்தில் பட்டம் படிக்க விரும்பிய பெண்களில் சிலர் ஆண்கள் கல்லூரிக்கே போனார்கள். முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரிக்கு மூடிய வண்டியில் போய், வகுப்பில் மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். சகோதரி சுப்புலட்சுமி குழந்தை விதவை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1911இல் பி.ஏ. முடித்தார். இந்த இரண்டு பேர் வாழ்க்கையையும் கொஞ்சம் படித்துவிட்டுத் தேடலைத் தொடங்குங்கள். உங்கள் பாட்டியைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவர வீட்டில் யாராவது ஒருவர் ஊரோடு சண்டை போட்டிருப்பார் என்பது அப்போது புரியும்.

சிங்கப்பூரிலேயே படித்தாரா? அன்றைக்கு இங்கே பெண்களுக்கென்று தனிக் கல்லூரி கிடையாது. 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும், 1928இல் புக்கிட் தீமா சாலையில் வகுப்பு தொடங்கிய ராஃபிள்ஸ் கல்லூரியும் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த இடங்கள், அதிலும் பெண்கள் மிகச் சிலர். மற்றப் பெண்களுக்குப் பள்ளி இறுதித் தேர்வான சீனியர் கேம்பிரிட்ஜோடு படிப்பு முடியும். அந்தத் தேர்வு வரை வந்ததே பெரிய விஷயம். சிங்கப்பூரின் முதல் பெண் மருத்துவரான லீ சூ நியோகூட, 1911இல் சீனியர் கேம்பிரிட்ஜ் சான்றிதழ் பெற்றதற்காகவே முதலில் பேசப்பட்டார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இன்று மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்று நாம் அறியும் பள்ளி, 1887 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ‘தமிழ்ப் பெண்கள் பள்ளி’யாகத்தான் தொடங்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர் என்ற மிஷனரி, ஒன்பது சிறுமிகளை வைத்து ஆரம்பித்தார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே நாற்பது வயதில்தான் தெரிந்தது. தெரிந்த அன்று தேக்காவிலிருந்து அந்தத் தெரு வரை நடந்து போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

இரண்டாவது: ஆண்டைப் பிடியுங்கள்

பழைய ஆட்கள் தேதி சொல்ல மாட்டார்கள், நிகழ்ச்சி சொல்வார்கள். அதுவே போதும். "எம்டன் குண்டு போட்ட வருஷம்" என்றால் 1914. செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது. இராணி மேரி கல்லூரி தொடங்கி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. "சிப்பாய்ங்க கலகம்" என்றால் சிங்கப்பூரில் 1915 பிப்ரவரி. "விஷக் காய்ச்சல் வந்து ஊரே படுத்துச்சு" என்றால் பெரும்பாலும் 1918. இங்கே தெருவில் டிராம் ஓடியது 1905 முதல் 1927 வரை. ஜொகூர்க் கடற்பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1923. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஆட்களை ஏற்றிப் போன ரஜூலா கப்பல் ஓடத் தொடங்கியது 1926. ஆகவே 1922இல் பாட்டி ரஜூலாவில் வந்தார் என்று யாராவது சொன்னால், கப்பலோ ஆண்டோ ஒன்று தவறு.

படிப்பின் கணக்கும் உதவும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அக்காலத்தில் இன்டர்மீடியட் இரண்டு ஆண்டு, அதன் மேல் பி.ஏ. இரண்டு ஆண்டு. "ரெண்டு வருஷம் படிச்சாங்க, அப்புறம் கல்யாணம்" என்று கேள்விப்பட்டால் அவர் இன்டர்மீடியட்டோடு நின்றிருப்பார். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929இல் வந்து, 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு அது வைத்த வயது வெறும் 14. அந்த ஊரில் பதினேழு வயதில் கல்யாணமாகாமல் புத்தகத்தோடு இருந்த பெண்ணை அக்கம்பக்கம் எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், இந்த வாரமே

நூலகம் நாளைக்கும் இருக்கும். பெரியவர்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. முதலில் அவர்களிடம் போங்கள்.

பெரியம்மாச்சியின் மகள், எனக்குப் பெரியம்மா, தோ பாயோவில் இருக்கிறார். முதல்முறை போனபோது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "பெரியம்மாச்சி காலேஜ் வாழ்க்கை எப்படி இருந்துச்சு, சொல்லுங்க பெரியம்மா" என்றேன். "நல்லா இருந்துச்சும்மா" என்றார். அவ்வளவுதான். தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். தவறு என் கேள்வியில்தான்.

இரண்டாம் முறை நோட்டை வெளியே எடுக்கவில்லை. அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், நானும் உட்கார்ந்து உருவினேன். "உங்கம்மா தலையை யார் பின்னிவிடுவாங்க, ஹாஸ்டல்ல?" என்று கேட்டேன். கை நின்றது. பக்கத்துக் கட்டில் பெண்ணும் அம்மாவும் ஒருவருக்கொருவர் பின்னிவிட்டுக்கொள்வார்களாம், அந்தப் பெண் மலையாளத்துக்காரியாம், அவளிடமிருந்துதான் அம்மா மலையாளம் பேசக் கற்றுக்கொண்டாராம். எங்கள் வீட்டில் பெரியம்மாச்சிக்கு எப்படி மலையாளம் தெரிந்தது என்பது நாற்பது ஆண்டுப் புதிர். ஒரு பின்னலில் அவிழ்ந்துவிட்டது.

அதனால் கேள்விகளை உடம்பை ஒட்டியும் கையை ஒட்டியும் வையுங்கள். காலையில் எழுப்பியது மணியா, ஆளா? தண்ணீர் கிணற்றிலா, குழாயிலா? பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல் என்பது வீட்டு வழக்கம். விடுதியில் அது விடுமுறை நாளுக்கு மாறியதா? துணி யார் துவைத்தது? விளக்கு மண்ணெண்ணெயா, மின்சாரமா, எத்தனை மணிக்கு அணைத்தார்கள்? புடவை ஆறு கெஜமா, ஒன்பது கெஜமா? காலில் செருப்பு உண்டா? மாதவிலக்கு நாளில் வீட்டில் ஒதுங்கி இருந்த பெண் விடுதியில் என்ன செய்தாள்? இந்தக் கடைசிக் கேள்வியை ஆண்கள் கேட்காதீர்கள். வீட்டுப் பெண்களை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். விடுதி வாழ்க்கை ஒரு பெண்ணை எவ்வளவு மாற்றியது என்பது அதில்தான் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி நிறையக் கேளுங்கள். எந்தச் சமையல், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்? அக்கால விடுதிகளில் சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனிச் சமையலும் பந்தியும் இருந்தது சாதாரணம். சேரன்மாதேவி குருகுலத்தில் ஆண்பிள்ளைகளின் தனிப்பந்தி விவகாரம் 1924, 1925இல் தமிழகம் முழுவதையும் உலுக்கியது. உங்கள் பாட்டி அதே ஆண்டுகளில் விடுதியில் இருந்திருந்தால் அவரும் எந்தப் பந்தியில் உட்கார்வது என்ற கேள்வியைச் சந்தித்திருப்பார். பதில் சங்கடமாக இருக்கலாம். வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள், அழகுபடுத்தாதீர்கள்.

கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். அன்றிரவே கேட்டு எழுதிவிடுங்கள். மறுவாரம் ஆனால் யார் எந்த அக்கா என்பதே குழம்பிவிடும்.

நான்காவது: பெட்டியைத் திறக்கும்போது

ஜப்பான்காரன் காலத்தில் எரித்தது, வீடு மாறும்போது தொலைத்தது எல்லாம் போக மிஞ்சியவை கொஞ்சம்தான். அதனால் இருப்பதைக் காப்பாற்றுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் சீக்கிரம் வரும். டிரங்குப் பெட்டியைச் சமையலறைப் பக்கமோ வெளிச்சுவர் ஓரமாகவோ வைக்காதீர்கள். கிழிந்த தாளுக்கு ஒட்டுநாடா போடாதீர்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். எங்களிடம் இருந்த இரண்டு படங்களில் ஒன்றை ஒரு கடையில் கொடுத்து அப்படிச் செய்து, முகங்கள் கொப்பளித்துப் போயின. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. சன்னல் பக்கம் வைத்து, நேர் வெயில் படாமல், கைப்பேசியில் முன்னும் பின்னும் படமெடுங்கள். பின்பக்கம் முக்கியம், ஸ்டுடியோ முத்திரையும் ஊர்ப் பெயரும் அங்கேதான் இருக்கும். பெயர் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சில்.

படத்தில் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். ரவிக்கையின் கை நீளம், தோளில் குத்திய புரோச், கையில் பிடித்திருக்கும் புத்தகம், யார் நாற்காலியில், யார் தரையில், எல்லாமே தகவல்.

ஐந்தாவது: நூலகமும் ஆவணக் காப்பகமும்

விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் மேல்மாடிகளில் லீ கோங் சியான் மேற்கோள் நூலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, புத்தகங்களை அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்கு முன் வீட்டிலிருந்தே நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தேடலாம். 1845 முதல் வந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு, தமிழ்ப் பெண்கள் பள்ளி பிறந்த அதே 1887இல் தொடங்கிய சிங்கை நேசன் எல்லாம் அங்கே உண்டு.

தேடுவதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆங்கில நாளிதழ்கள் கேம்பிரிட்ஜ் தேர்வு முடிவுகளைப் பள்ளிவாரியாக, பெயரோடு வெளியிடும். பரிசளிப்பு விழாச் செய்திகளிலும் பெயர்கள் வரும். ஆனால் நம் பெயர்களை அவர்கள் எழுதிய விதம் ஒருமாதிரி இருக்காது. லட்சுமி என்ற ஒரு பெயரையே ‘கேஎஸ்’ போட்டும், ‘எக்ஸ்’ போட்டும், மலாயா வழக்கப்படி ‘டிசிஎச்’ சேர்த்து லெட்சுமி என்றும் எழுதியிருப்பார்கள். எல்லாக் கூட்டலையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பெண்ணின் பெயர் கிடைக்காவிட்டால் அப்பாவின் பெயரைத் தேடுங்கள், அதன்பின் பள்ளியின் பெயரைத் தேடுங்கள். பழைய அச்சை இயந்திரம் படித்துத்தான் தேடல் நடக்கிறது என்பதால் எழுத்து மாறி விழுந்திருக்கும். பெயரின் பாதியை மட்டும் போட்டுப் பார்ப்பதும் பலன் தரும்.

கேனிங் ரைஸில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறு பதிவு செய்துவருகிறது. தமிழிலும் பதிவுகள் உண்டு, பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். உங்கள் பாட்டி அதில் இருக்க மாட்டார், ஆனால் அவர் தலைமுறைக்குச் சற்றுப் பின் வந்தவர்கள் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ரிக்‌ஷாவில் போனது, பலகாரம் வாங்கியது என்று அவர்கள் பேசுவதைக் கேட்டால், உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அடுத்து என்ன கேட்பது என்று தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்துப் பாட்டி என்றால் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் பழைய மலர்களைத் தேடுங்கள். சென்னைப் பாட்டி என்றால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள், உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகும் பயணத்தோடு இரண்டு நாள் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஆறாவது: நடந்து பாருங்கள்

சிங்கப்பூரில் படித்தவர் என்றால் இது அரை நாள் வேலை. தேசிய நூலகத்திலிருந்து இறங்கி விக்டோரியா ஸ்திரீட்டில் சில நிமிடம் நடந்தால் சைம்ஸ். இன்று சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் அந்த வளாகம்தான் 1854இல் தொடங்கிய கான்வென்ட். 1983 வரை பள்ளி அங்கே இருந்தது. 1904இல் எழுந்த சிற்றாலயம் அப்படியே நிற்கிறது. அங்கிருந்து சிலிகி பக்கம் போய் ஷார்ட் ஸ்திரீட்டுக்குள் திரும்புங்கள். தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் இன்றும் அந்தத் தெருவில் இருக்கிறது. பிறகு சோஃபியா மலை ஏறுங்கள். பிளாக்மோரின் பள்ளி 1925இல் அங்கே மாறியது. (மலைக்கு அந்தப் பெயர் அவர் வருவதற்கு முன்பே உண்டு, பலர் அவர் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.) காலை ஏழு மணிக்கு ஏறுங்கள், முடிந்தால் புடவை கட்டிக்கொண்டு. அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது, பைநிறையப் புத்தகத்தோடு ஏறிய பிள்ளையைப் பற்றி எழுத உங்களுக்கு வார்த்தை வரும்.

கடைசியாக: அந்த ஒரு நாளை எழுதுங்கள்

மூன்று நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் உள்ளது கறுப்பு. அக்காலத்துப் பொது வழக்கம் நீலம். உங்கள் ஊகம் பச்சை. பச்சையைக் கறுப்பு போலக் காட்டாமல் எழுதுவது ஒன்றுதான் இதில் கட்டுப்பாடு. என் நோட்டிலிருந்து ஒரு துண்டு:

‘1925, சென்னை. விடியுமுன் கடல் இரைச்சல் (கறுப்பு, வயதான பிறகும் அவர் இதைச் சொல்வாராம்). மலையாளத்துத் தோழி தலை பின்னிவிடுகிறாள் (கறுப்பு). அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து வைக்கிறார் (நீலம்). கல்லூரிக்குப் பக்கத்தில் ஐஸ் ஹவுஸ். சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்த கட்டடம் (கறுப்பு). அங்கிருந்து வரும் பெண்களை வாசலில் பார்க்கிறார் (பச்சை). மாலையில் டென்னிஸ் ஆடுகிறார் (பச்சை). இரவு, சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்குக் கடிதம், கப்பல் தபாலில் போகும் (கறுப்பு, ஒரு கடித உறை கிடைத்தது).’

இரண்டு பக்கம் வந்தாலே போதும். பெரிய எழுத்தில் அச்சடித்து, ஓரத்தில் நிறைய இடம் விட்டு, முதல் படியை வீட்டுப் பெரியவரிடம் கொடுங்கள். படித்துவிட்டுத் தருகிறேன் என்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஒரு மாதம் கழித்துப் பெரியம்மா என் பிரதியைத் திருப்பித் தந்தார். டென்னிஸ் என்ற சொல்லைப் பென்சிலால் அடித்திருந்தார். ஓரத்தில், "அம்மாவுக்கு டென்னிஸ் தெரியாது. பூப்பந்து. மலையாளத்து அக்காவோட ஜோடியா ஆடுவாங்களாம். அவங்க பேரு ஞாபகம் வந்துடுச்சு, வா, சொல்றேன்."